சுருட்டுப் பெட்டியும் தோட்டத்து நினைவுகளும்



பிறமொழிகளுக்குச் சென்ற தமிழ்ச்சொற்களைக் கற்பிக்கும்போது கட்டுமரத்தையும் மிளகுதண்ணியையும் குறிப்பிடுகிறோம். ‘சுருட்டு’ என்ற சொல்லை, புகையிலைப் பொருள் என்பதால் ஒதுக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்பது நம் சுருட்டேயாகும். 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டு திருச்சிராப்பள்ளிச் சுருட்டை அடையாளம் காண்கிறார்.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றையும் இச்சுருட்டின் வழியே காணலாம். ஒன்று துரையின் சுருட்டு; மற்றொன்று தொழிலாளியின் சுருட்டு.

விலையுயர்ந்த சுருட்டைப் பாதுகாப்பது ஒரு தனிக்கலை. புகையிலை காற்றின் ஈரத்தை ஏற்கவும் விடவும் செய்யும். உலர்ந்தால் மேலிலை வெடிக்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே, ‘ஹியூமிடார்’ எனப்படும் பெட்டியில் ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில், 18 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதை வைப்பர். அலுமினியக் குழாயில் அடைத்து விற்கப்படும் சுருட்டுக்கும் பெட்டி தேவையே. குழாய், சுருட்டு நசுங்காமல் காக்கும். சில காலம் ஈரத்தையும் காக்கும். ஆண்டுக்கணக்கில் பழக வைப்போர் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பெட்டியில் அடுக்குவர். அப்போதுதான் குழாயின் உள்ளும் புறமும் ஈரப்பதம் ஒத்திருக்கும். காலப்போக்கில் இலையிலுள்ள அமோனியா குறைந்து காரம் தணியும்.

நம் நாட்டிலோ காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். குளிர்நாட்டில் ஈரத்தை உள்ளே நிறுத்தும் பெட்டி, இங்கே ஈரம் உள்ளே புகாமலும் தடுக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் இலைக்குள் இருக்கும் வண்டின் முட்டை பொரிந்து, புழு சுருட்டைத் துளைத்துவிடும்.

லயத்து வீடுகளில் இத்தகைய பெட்டிகள் இல்லை. தோட்டக் கடையில் வாங்கிய சுருட்டு வேட்டி மடியில் இருந்தது. அன்றே புகைந்து தீர்ந்தது. எஞ்சிய ஒன்று முனியாண்டி கோயிலுக்குப் படையலாகச் சென்றது. இன்றும் முனீஸ்வரர் கோயில்களில் சுருட்டுப் படைக்கும் வழக்கத்தைக் காண்கிறோம்.

நினைவுகளின் நிலையும் இத்தகையதே. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. அவ்வூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது. அம்முயற்சியின் முன்னோடி பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே. தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அவர் பெயர் நூலகங்களில் பாதுகாப்பாக உள்ளது. காட்டை அழித்து, கன்று நட்டு, குலை வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார்களின் பெயர்கள் எங்கே உள்ளன? துரைமாரின் நினைவுகள் பெட்டிக்குள் பழகின. நம்மவர் நினைவுகள் மடிச்சுருட்டைப் போல் புகைந்து போயின.

புகைத்தலை நான் போற்றவில்லை. அது உயிரைக் குடிக்கும் பழக்கம். 2024 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள சட்டமும் 18 வயதுக்குக் குறைந்தோர்க்குப் புகைபொருள் விற்பதைத் தடை செய்துள்ளது. பழக்கத்தை விலக்குவோம், வரலாற்றை விலக்க வேண்டாம்.

2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு ஒரு தனிப்பாடமாக உள்ளது. பெற்றோர்களே, வீட்டில் முதியோர் இருப்பின், பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்துங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், கங்காணி யார், கடையில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் ஆண்டு குறித்துச் சேமியுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில், அவையே நமக்குக் கிடைக்கும் கடைசிச் சான்றுகளாக இருக்கலாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.