சேவ் பண்ண இடமில்லாத காலம்

ஒன்பதாம் ஆண்டுப் பையன் ஒருவன் நேற்றுக் கேட்டான்: "சேர், அந்தக் காலத்து கேம்ல கரண்ட் போனா என்ன செய்வாங்க?" "முதல்ல இருந்து தொடங்குவாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. மிச்சக் கதையை இங்கே எழுதுகிறேன்.

நின்டெண்டோவின் ஃபெமிகொம் 1983இல் ஜப்பானில் வந்தது. நிறுத்தினால் ஆடியதெல்லாம் அழியும். 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' பல நாள் ஆடவேண்டிய கதை. அதனால் நிறுத்தும்போது 20 ஜப்பானிய எழுத்துகள் கொண்ட ஒரு கடவுச்சொல்லைத் தந்தது. கொப்பியில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே அடிக்க வேண்டும். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது! ஜப்பானிய எழுத்தின் மூலையில் இருப்பது சின்னக் கோடுகளா, சின்ன வட்டமா என்பதில் ஓசையே மாறிவிடும். மங்கல் டீவியில் எப்படிப் பிரித்தறிவது? ஒன்று பிழைத்தால் பல நாள் உழைப்பு போச்சு. கொப்பி திருத்துகிற எனக்கு அந்தப் பிள்ளைகளின் வேதனை நன்றாகவே விளங்குகிறது.

அதே 1986இல் அஸ்கி நிறுவனம் 'டர்போ ஃபைல்' என்ற பெட்டியை விற்றது. ஃபெமிகொமுடன் வயரால் இணைப்பது. கொள்ளளவு வெறும் 8 கிலோபைட். இன்றைய போன் போட்டோ ஒன்றுக்குள் அது நூறு தடவை அடங்கும். உள்ளே இருந்த பெட்டரிதான் நினைவைக் காத்தது. ஆனால் சில கேம்களே அதை ஏற்றன. கேசட்டுக்குள்ளேயே பெட்டரி வைக்கத் தொடங்கியதும் அதன் தேவை குறைந்தது.

எனக்குப் பெரிய திருப்பமாகத் தெரிவது 1990இல் வந்த நியோ ஜியோ. வீட்டில் ஆடியதை ஒரு கார்டில் ஏற்றி, கார்ட் போடும் வசதியுள்ள காசு மெஷினில் செருகித் தொடரலாம். நினைவு ஆடுபவனின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. 1994இல் பிளேஸ்டேஷன் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 128 கிலோபைட், 15 கட்டங்கள். நிறைந்ததும் யாருடையதை அழிப்பது என்று நானாவுக்கும் தம்பிக்கும் சண்டை வராத வீடு உண்டா?

அந்தக் கார்டில் பெட்டரி இல்லை, ஃபிளாஷ் நினைவகம். ஆனால் 1996இல் வந்த நின்டெண்டோ 64இன் கார்ட் மறுபடி பெட்டரியை நம்பியது. அவை இப்போது ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. அலுமாரியில் அப்படி ஒன்று இருந்தால் பெட்டரியைச் சும்மா கழற்றிவிடாதீர்கள். கழற்றிய கையோடு எல்லாம் அழிந்துவிடும். உள்ளே இருப்பதை முதலில் வேறொரு கார்டுக்குக் கொப்பி பண்ணிக்கொள்ளுங்கள்.