சேரியில் தாளிப்பு வாசம்

எங்க ஆயாவுக்குத் தாளிக்கத் தெரியாது என்று அம்மா சொல்லுவாள். மாமியாரைக் குறை சொல்லும் தொனியில்தான் சொல்லுவாள். ஆயாவின் அடுப்பில் குழம்பு கொதிக்கும், கீரை வேகும், கருவாடு தணலில் சுடும். கடுகு மட்டும் வெடிக்காது. அம்மா மருமகளாக வந்த புதிதில், சட்டியில் ஒரு கரண்டி எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டிருக்கிறாள். ஆயா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாளாம். "வாசம் ஊர்த்தெரு பக்கம் போவுதுடி, ஏண்டி இப்பிடிப் பண்ற" என்றாளாம். ரொம்ப நாள் இதை ஒரு கிழவியின் கிறுக்குத்தனமாகச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு கதவைச் சாத்தினார்கள். கிணைப்பறை அடிக்கிறவன் வீட்டுப் பெண். பசி. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்புக்கூட இல்லாமல் அவித்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறாள். வகுப்பில் ஆசிரியர் இதை 'வறுமையிலும் மானம்' என்று விளக்கினார். நாங்களும் நோட்டில் எழுதிக்கொண்டோம். எனக்கு ஆயாவின் கதவு ஞாபகம் வந்தது. ஆனால் ரெண்டும் ஒரே கதவு இல்லை. கிணைமகள் சாத்தியது இல்லாமையை மறைக்க. எங்க ஆயா சாத்தியது இருந்த ஒரு கரண்டி எண்ணெயை மறைக்க. இந்த வித்தியாசத்துக்கு இலக்கிய வரலாற்றில் இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த விடுமுறையில் ஆயாவிடமே போய் உட்கார்ந்தேன்.

அவள் சொன்னது இது. படியாளாக இருந்த காலம். 1950களின் நடுவில் இருக்கும். அண்ணன் ஊரிலிருந்து வந்திருக்கிறானே என்று எங்கேயோ கடன் வாங்கிய எண்ணெயில் கத்தரிக்காயைத் தாளித்திருக்கிறாள். மறுநாள் களத்தில் ஆண்டை எல்லார் முன்னாலும் கேட்டானாம்: "என்னாடி, சேரியில தாளிப்பு வாசம் தூக்குது? எங்கூட்டு எள்ளு எத்தினி மரக்கா கொறஞ்சிதுன்னு அளந்து பாக்கணும் போலக்கீதே." அந்த வாரம் அவளுக்குக் கூலி அளக்கவில்லை. வாசம்தான் சாட்சி, அவன்தான் நீதிபதி. அதற்கப்புறம் அவள் தாளிக்கவில்லை. தெரியாமல் இல்லை.

எண்ணெய் என்ற சொல்லே எள் நெய்தான். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் ஆனது. பிறகு தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. இதைத் தமிழாசிரியர்கள் பெருமையாகச் சொல்லுவார்கள், நானும் சொல்லுவேன். ஆனால் அந்த நெய் யார் வீட்டுக்குப் போனது? தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் 1010ல் முடித்தான். அங்கே ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகளை ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அதே கோயிலின் கல்வெட்டுகளில், தானம் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய நிலங்களை வரிசையாகச் சொல்லும்போது சுடுகாட்டோடு சேர்த்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. விளக்குக்கு உழக்குக் கணக்கு இருக்கிறது. சேரிக்கு எல்லைக் கணக்கு மட்டும் இருக்கிறது. செக்குக்கும் அரசன் வரி போட்டான், செக்கிறை என்று பேர். செக்கும் எள்ளும் நெய்யும் வரவு செலவில் இருந்தவர்களின் பொருள்கள்.

புறநானூற்றில் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகும்போது கைம்பெண் சோற்றைப் பற்றிப் பாடுகிறாள். நெய் படாத பிழிந்த சோறு, அரைத்த எள், புளி, அவித்த வேளைக்கீரை. இதைத் தின்று உயிர் வாழ்வதைவிடத் தீயே மேல் என்பது அவள் கட்சி. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. அரசிக்குச் சாவைவிடக் கொடுமையாகத் தெரிந்த அந்தச் சாப்பாடு எங்கள் தெருவில் நல்ல நாள் சாப்பாடு. அரைத்த எள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சமையல் முறைக்குச் சாதி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. வட இந்தியாவில் தண்ணீரில் வெந்தது 'கச்சா', நெய்யில் பொரித்தது 'பக்கா'. கச்சாவைக் கீழே இருக்கிறவன் கையால் வாங்கினால் தீட்டு. பக்கா என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். இங்கே பிராமண வீடுகளில் வெந்த சோறு பத்து, எண்ணெயில் பொரித்த பலகாரம் பத்து இல்லை. அதாவது எண்ணெய் ஒரு சுத்திகரிப்புச் சடங்கு. நம் கை பட்டால் எந்த எண்ணெயும் சுத்தம் செய்யாது என்பது வேறு விஷயம்.

ராமநாதபுரம் சீமையில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் தாழ்த்தப்பட்டவர்களுக்கு எட்டுக் கட்டளை போட்டார்கள். அடுத்த வருஷம் அது பதினொன்றாகப் பெருத்தது. ஹட்டன் தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது என்பவற்றை எல்லாரும் எடுத்துப் பேசுகிறோம். வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஒன்று இருந்தது. அதை அடுப்பங்கரையில் நின்று யோசித்துப் பாருங்கள். புது மண்சட்டி எண்ணெயைக் குடிக்கும். பொரிப்பதற்கு இரும்புச் சட்டி வேண்டும். பாத்திரத்தைத் தடுத்தால் பண்டத்தையும் தடுத்தது போலத்தான்.

எண்ணெய்க்கே இந்தக் கதி என்றால் நெய்க்கு? ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்ற ஊர். தீர்த்த யாத்திரை போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் சனத்துக்கு விருந்து வைக்கிறார். பண்டங்களில் நெய்யும் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடியோடு பாய்ந்து, சாப்பாட்டை நாசம் செய்து, உண்டவர்களை அடித்து விரட்டினார்கள். 1936ல் வந்த 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதைச் சொல்கிறார். விருந்து வைத்தவர் தன் காசில்தான் வாங்கினார், விருந்தாளிகளும் அவர் சனம்தான். நெய் தின்பது தங்கள் அந்தஸ்தின் அடையாளம் என்று ஊர்க்காரர்கள் நினைத்தார்கள், அவ்வளவுதான். எங்க ஆயா அம்பேத்கரைப் படித்தவள் இல்லை. ஆனால் சக்வாராக்காரர்களுக்குத் தெரிந்த சட்டம் அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கதவு.

எண்ணெய் இல்லாமல் அவள் எப்படி ஆக்கினாள்? இதைத்தான் நான் எழுதி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன், முன்னுரையே நீண்டுவிட்டது.

எங்கள் தென்னாற்காட்டு மண் மல்லாட்டை மண். மணிலாக் கொட்டைதான் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சீமையில் பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்க்குக் கப்பலேறியது. பிரெஞ்சுக்காரன் அதைப் பிழிந்து எண்ணெயும் சோப்பும் செய்தான். திண்டிவனத்தில் எண்ணெய் வித்துக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, டி.எம்.வி. என்ற ரகங்கள் எல்லாம் அங்கே வந்தவை. களை எடுத்தது, பிடுங்கியது, காய் ஆய்ந்தது எல்லாம் எங்கள் பொம்பளைகள். வேலை முடிந்து வரும்போது மடியை உதறிக் காட்டிவிட்டு வரவேண்டும். அறுவடை முடிந்த கொல்லையில் தப்புக்காய் பொறுக்க விடுவார்கள். சில கொல்லையில் அதுவும் ஆடு மாடு மேய்ந்த பிறகுதான்.

அந்தத் தப்புக்காய்தான் ஆயாவின் எண்ணெய்க் குடம். மல்லாட்டைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதைச் செக்கில் ஆட்டக் கொடுத்தால் கூலிக்கும் சேதாரத்துக்கும் போக என்ன மிஞ்சும்? அவள் ஆட்டக் கொடுக்கவில்லை. வெறும் ஓட்டில் வறுத்து, தோலைப் புடைத்து, அம்மியில் மையாக அரைத்துக் குழம்பு கொதிக்கும்போது கரைத்து ஊற்றுவாள். இறக்குகிற நேரத்துக்கு மேலே எண்ணெய் தானாக மிதக்கும். கடுகு வெடிக்காது, வாசம் தெருவைத் தாண்டாது, கொழுப்பு முழுசும் பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். புண்ணாக்கு என்று ஒன்று மிஞ்சாததால் மாட்டுக்குப் போகவும் ஒன்றுமில்லை! முருங்கைக்கீரையை அவித்து, வறுத்த மல்லாட்டையை ஒன்றிரண்டாக இடித்துத் தூவுவாள். அதை இப்போதும் எங்கள் வீட்டில் செய்கிறோம். தாளித்துச் செய்ததைவிட அதுதான் எனக்கு ருசி.

செக்கு ஊரில் இருந்தது, சேரியில் இல்லை. ஆனால் நெருப்பும் தண்ணீரும் இருந்தன. ஆமணக்கை, எங்கள் பக்கம் கொட்டமுத்து, வறுத்து இடித்துத் தண்ணீரில் போட்டு நாள் முழுக்கக் காய்ச்சினால் எண்ணெய் மேலே வரும். அதை வழித்தெடுத்து மறுபடி தண்ணீர் சுண்டக் காய்ச்சுவாள். தலைக்கும் விளக்குக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். மாடு விழுந்தால் கொழுப்பைத் தனியாக எடுத்துச் சின்னத் துண்டாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் உருக்குவாள். தண்ணீர் வற்றினதும் கொழுப்பு தெளிந்து நிற்கும். அதை ஒரு சின்னக் கலயத்தில் ஊற்றி வைத்தால் மார்கழிக் குளிரில் வெள்ளையாக உறையும். "நம்ம நெய்யி" என்பாள். சட்டியில் மிஞ்சிய மொறுமொறுப்பான துண்டுகளுக்குப் பிள்ளைகளுக்குள் அடிதடி. 1983ல் வனஸ்பதியில் வெளிநாட்டு மாட்டுக் கொழுப்பு கலந்துவிட்டது என்று நாடே அமளிதுமளிப்பட்டது. 1937லிருந்து டால்டாவை நெய் என்று நம்பித் தின்றவர்களின் ஆசாரம் போச்சு என்று அழுகை. சேரியில் யாருடைய ஆசாரமும் போகவில்லை.

கடையில் எண்ணெய் வாங்கத் தொடங்கியதை அம்மா நன்றாகச் சொல்லுவாள். கழுத்தில் சணல் கயிறு கட்டிய சின்னப் பாட்டில். கடைப் படியில் வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். கடைக்காரர் மேலிருந்து கரண்டியால் ஊற்றுவார், புனல் வைத்தால் புனல் தீட்டு. சிந்தியது நம் கணக்கு. பாக்கெட் வந்த பிறகு அந்தத் தூரம் போனது. சாதி ஒழிந்து போகவில்லை, தகர டின் போனதால் போனது.

2007ல் ரேஷன் கடையில் சிறப்புப் பொது விநியோகம் என்று துவரம்பருப்போடு பாமாயிலும் போட ஆரம்பித்தார்கள். கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர். அந்தப் பாக்கெட் வந்த அன்று சாயந்திரம் எங்கள் தெருவே வடை சுட்டது. அப்போது ஆயா உயிரோடு இருந்தாள், வாசலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். பாமாயிலை ஏளனம் செய்யும் தோழர்களிடம் இதை மட்டும் சொல்லுவேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டி நிறைய எண்ணெயைப் பார்த்தவர்களிடம் பேசும்போது கொஞ்சம் நாக்கைக் கட்டுங்கள்.

அதற்காக உண்மையை மறைக்கவும் முடியாது. அம்மாவுக்கு இப்போது சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உறைகிற வகைக் கொழுப்பு. குளிருக்குக் கட்டியாவது அதனால்தான். உருக்கிய மாட்டுக் கொழுப்பில் அது சரிபாதி. ஆயாவின் கலயத்துக்கும் அரசாங்கப் பாக்கெட்டுக்கும் நடுவில் இவ்வளவுதான் தூரம். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அதுவே. கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. ரத்தக்குழாயை நினைத்தால் இந்த ரெண்டும் மேல். ஒரு முறை பொரித்ததைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது எந்த எண்ணெயானாலும் கெடுதல். காறல் வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். இவ்வளவும் அம்மாவுக்கு நான் சொன்னது, அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

ஆனால் போன வருஷம் ஒரு மருத்துவ முகாமில் உணவு ஆலோசனை சொன்ன பெண், அம்மாவைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில், "உங்க ஆளுங்க எண்ணெய் ஜாஸ்தி சேப்பீங்க, அதாம்மா" என்றாள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர்தான், செக்கெண்ணெயாக வாங்குங்கள், எண்ணெயில்லாத சமையல் பழகுங்கள் என்று அச்சடித்த தாளும் கொடுத்தாள். எங்கள் வீட்டில் நாலு பேர். அவள் கணக்குக்கு ரெண்டு லிட்டர். ரேஷனில் வருவது ஒன்று. வெளியில் வாங்கும் செக்கெண்ணெய் ரேஷன் விலையைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாது. நான் சண்டைக்குப் போயிருப்பேன், அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "எங்க மாமியா அம்பது வருசம் எண்ணெ இல்லாமதாம்மா ஆக்கினாங்க. அப்ப யாரும் அவங்கள நல்லதுன்னு சொல்லல" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இப்போது அம்மா பொரிப்பதைக் குறைத்துவிட்டாள். ரேஷன் பாமாயிலில் அப்பளம், எப்போதாவது. தாளிப்புக்கு மட்டும் மாதம் அரை லிட்டர் கடலையெண்ணெய், நூறு நாள் வேலைக் காசு வந்த மாதத்தில் அது நல்லெண்ணெய். அதை எந்தச் செக்கில் ஆட்டுகிறார்கள் என்று விசாரித்துப் போய், கொட்டையை மோந்து பார்த்து, கண்ணெதிரே பாட்டிலில் பிடித்து வாங்குகிறாள். செக்குக்காரர் பாட்டிலைக் கையில்தான் கொடுக்கிறார். குழம்புக்கு ஆயாவின் மல்லாட்டை அரைப்புதான், ஆனால் மேலே ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு கறிவேப்பிலையும் போடுகிறாள். "ரெண்டும் எதுக்கும்மா, மல்லாட்டையிலயே எண்ணெ இருக்கே" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். வாசம் வேணும்" என்றாள்.