ஒரே எண், மூன்று பொருள்: ரத்தத்தில் கார்ட்டிசாலை அளப்பது பற்றி

மேட்டுப்பாளையத்தில் மூவருடைய ரத்தம் சோதிக்கப்பட்டு, மூவருடைய தாளிலும் டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் கார்ட்டிசால் என்ற ஒரே எண் அச்சானதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர், இரவு முழுதும் நன்றாக உறங்கி எழுந்து காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்த உருளைக்கிழங்கு மண்டிக் கணக்கர்; இரண்டாமவர், முகம் உப்பி, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் படர்ந்து, அடங்காத ரத்தக் கொதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்து, நள்ளிரவில் விழித்திருக்கையில் ரத்தம் எடுக்கப்பெற்ற ஒரு பெண்மணி; மூன்றாமவர், காரமடைப் பக்கத்து வாழைத் தோட்டமொன்றில் கண்ணாடி விரியன் தீண்டி, விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்ட பின்னும் ரத்த அழுத்தம் மீளாமல் கிடக்கும் ஒரு தொழிலாளி. கணக்கருக்கு அந்த எண், 5 முதல் 25 வரை என்று காலை நேரத்துக்குப் பரிசோதனைக் கூடங்கள் அச்சிடும் எல்லைக்குள் அமைதியாக அடங்குகிறது. பெண்மணிக்கு, நள்ளிரவில் 7.5-ஐத் தாண்டியமையால், கார்ட்டிசால் மிகுவதால் வரும் குஷிங் நோயை ஐயுறச் செய்கிறது. தொழிலாளிக்கோ, அத்தகைய பெருநெருக்கடியில் பன்மடங்கு உயர்ந்திருக்க வேண்டிய சுரப்பு பத்தைக்கூட எட்டவில்லை என்பதனால், உயிராபத்தை அறிவிக்கிறது. கார்ட்டிசாலின் அளவு தனித்து நிற்கும் உண்மையன்று. எடுத்த நேரமும், உறக்கமும், உட்கொண்ட மருந்தும், அப்போதைய தேக நிலையும் உடன் எழுதப்பட்டாலன்றி அது பிரமாணமாகாது என்பதும், அதனை மன அழுத்தத்தின் அளவென்று ஆரோக்கியமானவருக்கு விற்பது பிழை என்பதும், அளந்தே தீர வேண்டிய நோயாளியிடத்தில் அளக்காமல் விடுவது அதனினும் பெரும் பிழை என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

கார்ட்டிசால் என்ற இந்த ஹார்மோனுக்கும் நெருக்கடிக்கும் உள்ள சம்பந்தம் விஞ்ஞானத்தில் மெதுவாகவே துலங்கியது. சிறுநீரகங்களின் உச்சியில் அமர்ந்து கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கெட்டால் மனிதன் சோர்ந்து மெலிந்து இறக்கிறான் என்பதை லண்டன் வைத்தியர் தாமஸ் அடிசன் 1855-இல் எழுதினார். அவர் கண்ட நோயாளிகள் பலரிடத்தில் அச்சுரப்பிகளை அழித்தது, நம் நாட்டில் இன்றும் ஒழியாத காசநோயே. 1936-இல் மான்ட்ரீல் நகரில் ஹான்ஸ் செலியே, எலிகளைக் குளிரால் வருத்தினாலும் விஷத்தால் வருத்தினாலும் அட்ரீனல் பருத்தலும் தைமஸ் சுருங்கலும் இரைப்பைப் புண்ணும் ஒன்றுபோலவே தோன்றுவதைக் கண்டு, துன்பம் எதுவாயினும் தேகத்தின் மறுமொழி ஒன்றே என்று துணிந்தார். பிற்காலத்தில் ஜான் மேசன் என்பார், பட்டினியில் இருக்கும் குரங்குகளுக்குச் சத்தில்லாத உருண்டைகளைக் கொடுத்து, உணவு மறுக்கப்பட்டதென்ற உணர்வு எழாமல் செய்தபோது கார்ட்டிசால் ஏறவில்லை என்று காட்டி, தேகத்தின் இன்மையைக் காட்டிலும் உள்ளம் அதனை எவ்வாறு கொள்கிறது என்பதே பெரிதென நிறுவினார். 2004-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 208 பரிசோதனைகளை ஒருங்கே நோக்கி, தன் வசத்தில் இல்லாத காரியமும், பிறர் எடைபோடும் பார்வையும் சேர்ந்த இடத்தில்தான் கார்ட்டிசால் மிகுதியாக ஏறுகிறது என்று கண்டது. ஆனால் துயரம் மாதக்கணக்காக, வருஷக்கணக்காக நீடிக்குமானால் அளவு தாழ்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே தாழ்ந்த எண் நிம்மதிக்குச் சாட்சியாகாது.

அளத்தல் தொழிலுக்கே உரிய சிக்கல்களும் உள. ஊசியைக் கண்டு அஞ்சிய கணத்திலேயே அட்ரினலின் பாய்ந்துவிடும். கார்ட்டிசாலோ, ஹைபோதாலமஸிலிருந்து பிட்யூட்டரிக்கும், பிட்யூட்டரியிலிருந்து அட்ரீனலுக்கும் ஏவல் சென்று சேர வேண்டியிருப்பதால், உச்சத்தை அடைய இருபது முப்பது நிமிஷங்கள் எடுத்துக்கொள்கிறது. குழாயில் நாம் பிடிப்பது, ஆகையால், அந்தக் கணத்து மனநிலையையன்று. அதற்குச் சற்று முன் பஸ்ஸில் நெரிந்து வந்ததையும் வரிசையில் காத்து நின்றதையும்தான். அதிலும் ரத்தத்திலுள்ள கார்ட்டிசாலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் புரதங்களோடு பிணைந்து செயலற்றிருப்பது. தனித்துத் திரியும் சிறு பங்கே திசுக்களில் வேலை செய்வது. கருவுற்ற பெண்களிடத்தும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உண்பவரிடத்தும் பிணைக்கும் புரதம் பெருகுவதனால், நோய் ஏதுமின்றியே மொத்த அளவு உயர்ந்து நிற்கும். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வாங்கிய மாத்திரையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால், நடைமுறையிலுள்ள பல நோயெதிர்ப்பு முறைச் சோதனைகள் அதனையும் கார்ட்டிசாலென்றே எண்ணிக்கொள்கின்றன. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தாலோ, சோதனையில் அது தென்படாது, உடலின் சொந்தச் சுரப்பு மட்டும் ஒடுங்கிக் காட்சி தரும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ரத்தம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்பது, விலையுயர்ந்த கருவியொன்றை வாங்குவதற்கு ஈடான காரியம்.

நேரத்தைப் பற்றிய வினா கொங்கு நாட்டில் தனி முக்கியத்துவம் உடையது. விழித்த முக்கால் மணிக்குள் உச்சத்தை எட்டி, பகல் சாயச் சாயத் தாழ்ந்து, நள்ளிரவையொட்டி அடித்தளம் காணும் இந்தச் சுரப்பின் சுற்றை, பகலில் உழைத்து இரவில் உறங்கும் மனிதரை வைத்தே நூல்கள் வகுத்திருக்கின்றன. ஆனால் கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலைகள் மூன்று ஷிப்டாக ஓடுகின்றன. நீலகிரிக் காய்கறியை ஏற்றி மலைப்பாதையில் இறங்கும் லாரிகள் மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு இருட்டிலும் வந்து சேருகின்றன. இரவு ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்கு நேரே பரிசோதனைக் கூடத்துக்கு வரும் ஆலைப் பெண்ணுக்கு அது நாளின் முடிவு. அவளுடைய தேகச் சுற்று பாதி நகர்ந்தும் பாதி நகராமலும் இருக்க, காலை எட்டு மணிக்குரிய எல்லையை அவளுக்கும் அச்சிட்டுக் கொடுப்பது நியாயமாகாது. கடைசியாக எப்போது உறங்கி எழுந்தாள் என்பதைக் குறிக்காத தாளை வைத்து மருத்துவர் செய்யும் நிர்ணயம் ஊகமே ஆகும்.

ஒற்றை ரத்தத் துளியின் இக்குறையை விலங்குகளை ஆராய்வோர் நன்கு உணர்ந்திருக்கின்றனர். கோயில் யானைகளுக்கான 48 நாள் புத்துணர்வு முகாம் பல ஆண்டுகள் நடைபெற்ற, மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியும் பவானிக் கரையும் நமக்குத் தெரிந்த இடங்களே. அங்கிருந்து மலைகளுக்கு அப்பாலுள்ள முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் யானைகளின் புதுச் சாணத்தில் இந்த ஹார்மோனின் சிதைவுப் பொருள்களை அளந்து, மெலிந்த யானைகளிடத்தே அவை மிகுதியென 2017-இல் வெளியிட்டனர். பிடிப்பதும் குத்துவதும் இல்லாமையால், அளக்கும் செயலே அளவைக் கெடுக்கும் தோஷம் அங்கே நீங்கிவிடுகிறது. சாணம் ஒரு கணத்தை விடுத்துப் பல மணி நேரத்தின் கூட்டைத் தருகிறது. மனிதரிடத்திலும், பிணைப்பில்லாத கார்ட்டிசாலை மட்டுமே ஏந்திவரும் உமிழ்நீரை வீட்டிலேயே வெவ்வேறு வேளைகளில் சேகரிப்பதும், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் தலைமுடியைச் சோதிப்பதும் இதே நெறியைச் சார்ந்தவை. நீடித்த மன அழுத்தத்தை ஆராய விழைவோர் இவற்றையே நாட வேண்டும் என்பது என் துணிபு.

அப்படியானால் ரத்தத்தில் கார்ட்டிசாலை அளப்பது எங்கே இன்றியமையாதது? முதலில் சொன்ன மூன்றாமவரிடத்தில். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையும் ஒழுங்கினின்று பிறழச் செய்வது. அதன் விளைவாகப் பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தக் கசிவோ, ரத்த ஓட்டம் தடைப்பட்ட அழிவோ நேரக்கூடும் என்பதனை 1987-இல் பர்மா நாட்டு நோயாளிகளைக் கொண்டு லான்செட் பத்திரிகை விளக்கமாக வெளியிட்டது. தென்னிந்தியாவிலும் அத்தகைய நோயாளிகள் விவரிக்கப்பட்டுள்ளனர். சிலரிடத்தில் இது கடிபட்ட சில நாள்களுக்குள்ளேயே ரத்த அழுத்தச் சரிவாகவும் சர்க்கரைக் குறைவாகவும் வெளிப்படும். அவற்றை விஷத்தின் நேரடி வேகமென்றே கருதிவிட்டால், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற எளிய மருந்தால் மீட்கத்தக்க உயிர் கைவிட்டுப் போகும். ஆகவே ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, விடைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே முறை. வேறு சிலரிடத்தில் மாதங்களும் வருஷங்களும் கழிந்த பின்னரே ஓயாத சோர்வு, அக்குள் முடி உதிர்தல், மாதவிலக்கு நிற்றல் ஆகியவை தோன்றும். தோட்டத்து வேலைக்கு முன்போல் வளையாத அந்த உடம்பைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவதும், விரக்தி என்று பிறர் சொல்வதும் எத்தனை கொடுமை! பழைய கடியையும் இன்றைய சோர்வையும் சேர்த்துப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால், காலை நேரத்து ரத்தக் குழாயொன்று அந்தக் கொடுமையை நிறுத்தத் தொடங்கும்.

இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ரத்தம் கோரும் சீட்டில் எடுத்த மணி, கடைசியாக உறங்கி எழுந்த மணி, ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகள், கர்ப்பம் அல்லது கடும் நோய் என நான்கு இடங்கள் அச்சிடப்பட வேண்டும்; அவை நிரப்பப்படாவிடில் விடைத்தாளில் எல்லை எண்கள் இடம்பெறலாகாது. விரியன் கடிக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவருடைய சீட்டில், சில மாதங்கள் கழித்துக் காலையில் கார்ட்டிசாலும் தைராய்டு ஹார்மோன்களும் சோதிக்கப்பட வேண்டும் என்று அவர் வாசிக்கும் தமிழிலேயே ஒரு வரி எழுதப்பட வேண்டும்.