மீளழைப்பு கடைசி உரிமையாளரையும் சென்றடைய வேண்டும்

தாம் விற்பனை செய்த வாகனத்தில் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய குறைபாடொன்று இருப்பது தெரியவரும்போது, அதனை உற்பத்தி நிறுவனமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, வாகனத்தை மீள வரவழைத்து, கட்டணம் எதனையும் அறவிடாது திருத்திக் கொடுப்பதே மீளழைப்பு எனப்படுகிறது. அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாட்டை உரிமையாளருக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. இலவசமாகத் திருத்திக் கொடுப்பதும் கட்டாயம் என 1974 ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. ஜப்பான் உட்பட வாகன உற்பத்தியில் முன்னணி வகிக்கும் நாடுகள் பலவற்றிலும் இதற்கெனத் தனியான சட்ட ஏற்பாடுகள் உள்ளன.

எனினும், மீளழைப்புச் செய்தியொன்று பத்திரிகையில் வெளியானதும், 'அந்தக் கம்பனியின் வாகனங்கள் தரமற்றவை' என்ற முடிவுக்கு வந்துவிடுவதே எம்மவரிற் பலரது வழக்கமாக இருந்து வருகிறது. மறுபுறத்தில், 'பத்து வருடமாக ஓடுகிறேன், ஒரு குறையும் இல்லை' எனத் தமது அனுபவத்தையே தரச் சான்றிதழாகக் கொள்வோரும் உள்ளனர். இவ்விரு முடிவுகளும் தவறானவை என்பதையே கடந்த கால் நூற்றாண்டின் வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

முதலில் உரிமையாளர்களின் அபிப்பிராயத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் புதிய வாகனங்களை வாங்கியோரிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்டு, முதல் 90 நாட்களில் 100 வாகனங்களுக்கு எத்தனை குறைபாடுகள் தோன்றின என்பதைக் கணக்கிட்டு வெளியிடுகின்றது. கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகையும் தனது வாசகர்களிடம் இத்தகைய கணிப்பை மேற்கொள்கின்றது. புதிய வாகனம் வாங்குவோருக்கு இவை பயனுள்ள வழிகாட்டிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உரிமையாளர் ஒருவரால் எதனை அறிய முடியும்? எரிபொருட் செலவு, இயந்திரத்தின் இரைச்சல், கியர் மாறும் விதம், அடிக்கடி கராஜுக்குச் செல்ல நேர்கிறதா இல்லையா என்பனவற்றையே அவர் அறிவார். விபத்து நிகழும் ஒரு கணத்தில் மாத்திரம் இயங்க வேண்டிய பாகமொன்று அக்கணத்தில் எவ்வாறு இயங்கும் என்பதை அவரால் ஒருபோதும் அறிய முடியாது.

எயார் பேக் எனப்படும் காற்றுப்பை அத்தகைய பாகமாகும். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகள் தொடர்பான விவகாரம், மோட்டார் வாகன வரலாற்றின் மிகப் பெரிய மீளழைப்பாகப் பதிவாகியுள்ளது. பையை நொடிப்பொழுதில் ஊதச் செய்வதற்காக ஓர் உலோகக் குப்பியினுள் அமோனியம் நைத்திரேற்று அடங்கிய வெடிபொருளை அந்நிறுவனம் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதனும் மாறி மாறித் தாக்கும்போது ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வெடிபொருள் சிதைவடைகின்றது. அவ்வாறு சிதைந்தது விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குப்பியையே வெடிக்கச் செய்து, உலோகத் துண்டுகளை ஆசனத்தில் இருப்பவர் மீது வீசுகின்றது. உயிர் காக்க வைக்கப்பட்டதே உயிரைப் பறிக்கும் விபரீதம் இவ்வாறே நேர்ந்தது.

2008 நவம்பரில் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 4,000 வாகனங்களை மீள அழைத்தபோது இது ஒரு சிறிய விடயமாகவே தோன்றியது. பின்னர் டொயோட்டா, நிசான், பி.எம்.டபிள்யூ, போர்ட் எனப் பெயர் பெற்ற நிறுவனங்கள் பலவும் அடுத்தடுத்து இப்பட்டியலில் சேர்ந்தன. உலகளாவிய ரீதியில் மீள அழைக்கப்பட்ட காற்றுப்பைகளின் தொகை சுமார் 10 கோடி எனக் கணிக்கப்படுகின்றது. அமெரிக்காவில் மாத்திரம் குறைந்தது 28 பேர் உயிரிழந்தனர். மலேசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. பரிசோதனைத் தரவுகளைத் திரித்து வாகன உற்பத்தியாளர்களை ஏமாற்றிய குற்றத்தை 2017 ஆம் ஆண்டு ஒப்புக்கொண்ட தகாட்டா, நூறு கோடி டொலரைச் செலுத்த இணங்கியதுடன், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் வங்குரோத்து நிலையையும் அறிவித்தது.

இங்கு ஓர் உண்மையை நாம் கவனிக்க வேண்டும். உரிமையாளர்களின் கணிப்புகளில் பல்லாண்டுகளாக முன்னிலை வகித்து வந்த ஜப்பானிய வாகனங்களே இதில் பெருமளவு அகப்பட்டன. அவற்றின் உரிமையாளர்கள் சொன்னது பொய்யன்று. அவர்களது வாகனங்கள் உண்மையிலேயே நன்றாக ஓடின. ஆனால் நன்றாக ஓடுவது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு.

உரிமையாளர்களின் குரலுக்கு மதிப்பே இல்லை என்பது இதன் பொருளாகாது. அந்தக் குரல் மறைக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு மிட்சுபிஷி மோட்டார்ஸ் நிறுவனத்தின் வரலாறு சான்றாகும். வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை அந்நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசாங்கத்திடமிருந்து மறைத்து வந்தமை 2000 ஆம் ஆண்டு அம்பலமாகி, அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அதன் பின்னரும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2002 ஜனவரியில் யொக்கஹாமா நகரில் அந்நிறுவனத்தின் பாரவூர்தியொன்றிலிருந்து கழன்ற சக்கரம் வீதியோரம் சென்ற இளந்தாய் ஒருவரின் உயிரைப் பறித்தது. உரிமையாளரின் பராமரிப்புக் குறைவே காரணம் எனக் கூறிவந்த உற்பத்தித் தரப்பு, 2004 ஆம் ஆண்டிலேயே தனது வடிவமைப்பின் குறைபாட்டை ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் பழி உரிமையாளர் மீதே இருந்தது.

எனவே, மீளழைப்பை அறிவிக்கும் நிறுவனத்தை விட, அறிவிக்க வேண்டியதை அறிவிக்காது மௌனம் காக்கும் நிறுவனமே அஞ்சத்தக்கது. குறையே நேராத தொழிற்சாலை உலகில் எங்கும் இல்லை. நேர்ந்த குறையை எவ்வளவு விரைவாக ஒப்புக்கொண்டார்கள், எத்தனை பேரைத் தேடிச் சென்று திருத்திக் கொடுத்தார்கள் என்பதே தரத்தின் உண்மையான உரைகல் எனலாம்.

எமது நாட்டைப் பொறுத்தவரை பிரச்சினை இன்னொரு படி ஆழமானது. இங்கு ஓடும் கார்களிலும் வேன்களிலும் பெருந்தொகையானவை ஜப்பானில் பாவிக்கப்பட்டு, ரீகண்டிஷன் என்ற பெயரில் இறக்குமதியானவை. உற்பத்தி நிறுவனம் அனுப்பும் அறிவித்தற் கடிதம் ஜப்பானிய முன்னாள் உரிமையாளரின் முகவரிக்கே போகும். கடல் கடந்து, இறக்குமதியாளர், விற்பனையாளர் எனப் பல கைகள் மாறிய வாகனத்தை மட்டக்களப்பிலோ, கல்முனையிலோ, யாழ்ப்பாணத்திலோ வைத்திருப்பவரை அக்கடிதம் எவ்வாறு வந்தடையும்? 2020 மார்ச் முதல் 2025 ஆரம்பம் வரை வாகன இறக்குமதி முடங்கியிருந்தமையால், பழைய வாகனங்களையே தொடர்ந்து பாவிக்க வேண்டிய நிலைக்கும் மக்கள் தள்ளப்பட்டனர். மேலும், 2014 ஆம் ஆண்டு அமெரிக்க அதிகாரிகள் புளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த பகுதிகளையே முதலில் தெரிவு செய்து மீளழைப்பை முடுக்கிவிட்டனர். எமது கரையோரங்களின் காலநிலை அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

பிற நாடுகள் கைகட்டி இருக்கவில்லை. அவுஸ்திரேலியா 2018 ஆம் ஆண்டு கட்டாய மீளழைப்பை அறிவித்து, 2020 இறுதிக்குள் காற்றுப்பைகளை மாற்றி முடிக்குமாறு உற்பத்தியாளர்களைப் பணித்தது. எம்மைப் போன்றே ஜப்பானின் பாவித்த வாகனங்களைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நியூஸிலாந்தும் அதே ஆண்டில், மிகவும் ஆபத்தான வகைக் காற்றுப்பைகளைக் கொண்ட சுமார் 50,000 வாகனங்களுக்குக் கட்டாய மீளழைப்பைப் பிறப்பித்தது. ஜப்பானோ 2018 மே மாதம் முதல், ஆபத்து மிக்க காற்றுப்பையை மாற்றாத வாகனங்களுக்குப் பரிசோதனைச் சான்றிதழைப் புதுப்பிக்க மறுத்தது. வேண்டுகோளால் முடியாதது அனுமதிப்பத்திரத்தால் முடியும் என்பதை அந்நாடு உணர்ந்திருந்தது.

இந்த வழி எமக்கும் பொருந்தும். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கோரப்படுகின்றன. அதே வேளையில் வாகனத்தின் செஸி இலக்கத்தை மீளழைப்புப் பட்டியலுடன் ஒப்பிட்டு உரிமையாளருக்கு அறிவிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் உள்ளூர் முகவர் நிறுவனங்களுடன் இணைந்து இதனைச் செய்ய வேண்டும். யார் இறக்குமதி செய்த வாகனமாயினும் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு வரையறுக்கப்பட வேண்டும். அறிவித்தல்கள் தமிழிலும் வெளியாக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதுவரை உரிமையாளர்கள் வாளாவிருத்தல் ஆகாது. வாகனப் பதிவுச் சான்றிதழில் செஸி இலக்கம் உள்ளது. ஜப்பானின் பிரதான உற்பத்தி நிறுவனங்கள், இவ்விலக்கத்தைக் கொண்டு மீளழைப்பு விபரங்களைத் தேடும் வசதியைத் தமது இணையத்தளங்களில் வழங்கியுள்ளன. ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கெனத் தயாரிக்கப்பட்ட வாகனங்களின் இலக்கம் அமெரிக்காவின் 17 குறியீட்டு முறையில் அமைவதில்லை. ஆகையால் அமெரிக்கத் தளங்களில் தேடிவிட்டு, 'எமது வாகனம் அதில் இல்லை' என ஆறுதலடைவது பேதைமையாகும். சந்தேகம் இருப்பின் முகவர் நிறுவனத்திடம் செஸி இலக்கத்தைக் கொடுத்து விசாரிப்பதே உத்தமம். காற்றுப்பையினுள் வெடிபொருள் இருப்பதால், சாதாரண கராஜில் அதனைக் கழற்ற முனைவதும், பழைய உதிரிப்பாகக் கடையில் வாங்கிய காற்றுப்பையைப் பொருத்துவதும் ஆபத்தானவை.

பாவித்த வாகனம் வாங்குவோர் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எத்தனை உரிமையாளர்கள் எனக் கேட்பது போலவே, மீளழைப்புத் திருத்தம் செய்யப்பட்டதா என்றும் கேட்கப் பழக வேண்டும். விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கமே வாங்குபவருக்குப் போதிய எச்சரிக்கையாகும்.