மண் நிரப்பிய காணியும் அயல்வீட்டு வெள்ளமும்

கொழும்பு வடக்கிலே, களனி கங்கைக் கரையில் நாகலகம் வீதி என்றொரு வீதி உண்டு. அங்கு ஆற்றின் நீர்மட்டத்தை அடிக்கணக்கிற் காட்டும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், மழை இரண்டு நாட்களுக்கு மேல் விடாது பெய்தால் செய்தி ஆசிரியர் முதலிற் கேட்கும் கேள்வி, "நாகலகம் வீதியில் எத்தனை அடி?" என்பதாகவே இருக்கும். ஐந்து அடி என்றால் சிறு வெள்ளம். ஏழு அடி என்றால் பெருவெள்ளம். ஒன்பது அடி என்றால் ஆபத்து. பன்னிரண்டு அடியை எட்டினால் நகரமே கலங்கும்.

1989 ஜூன் மாதத்தில் அவ்வளவுகோலைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். நீர் ஒன்பது அடியைத் தாண்டியிருந்தது. அன்று அலுவலகம் திரும்பி நான் எழுதிய செய்தியில் இடம்பெயர்ந்தோர் தொகையும் நிவாரண முகாம்களின் விபரமும் இருந்தன. வீடுகளை அவ்விடத்திலே கட்ட யார் அனுமதித்தார், எந்த விதியின்கீழ் அனுமதித்தார் என்ற கேள்வி அச்செய்தியில் இருக்கவில்லை. அக்கேள்வி எனக்கு உறைப்பதற்குப் பல ஆண்டுகள் சென்றன. உறைத்தபோது நானும் அதற்குப் பதில் சொல்லவேண்டியவனாய் இருந்தேன். அதைப் பின்னர் கூறுகிறேன்.

கொழும்பும் அதன் சுற்றுப்புறமும் இயல்பிலேயே நீருக்குரிய நிலம். கோட்டை இராசதானி தனது தலைநகருக்கு இவ்விடத்தைத் தெரிவு செய்ததற்குக் காரணமே, அதனைச் சூழ்ந்திருந்த தியவன்னா சதுப்பு நிலம் இயற்கை அகழியாக அமைந்திருந்தமையாகும். பின்னர் வந்த ஒல்லாந்தர் அச்சதுப்பை நிரப்ப முயலாது, வாய்க்கால்களை வெட்டி, நீரை வழியாகவும் வள்ளங்களுக்குப் பாதையாகவும் பயன்படுத்தினர். ஆட்சியாளர் மாறினும், சதுப்பு என்பது நீர் தங்கும் இடம் என்ற அறிவு நெடுங்காலம் மாறாதிருந்தது எனலாம்.

கட்டட விதிகளின் வரலாறு ஆங்கிலேயர் காலத்திலே தொடங்குகிறது. 1914ஆம் ஆண்டில் கொழும்பிலே பிளேக் நோய் தலைகாட்டியது. மறு ஆண்டு, 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. உள்ளூராட்சி எல்லைக்குள் எவரும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமின்றிக் கட்டடம் எழுப்பலாகாது, கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் பெறாது குடியேறலாகாது என்ற ஏற்பாடுகள் அச்சட்டத்திலிருந்து வந்தவையே. இன்றும் வீடு கட்டுவோர் அச்சான்றிதழுக்காக அலைவதை வாசகர்கள் அறிவர். நெருக்கமான குடியிருப்புக்களும் நோயும் அக்காலத்து அச்சமாக இருந்தமையால், விதிகளின் கண் வெளிச்சத்திலும் காற்றிலும் பின்புறத் திறந்த வெளியிலுமே பதிந்திருந்தது. ஒரு காணியையும் அதிலெழும் ஒரு கட்டடத்தையும் அவ்விதிகள் நுணுகிப் பார்த்தன. அக்காணிக்கு வெளியே நீர் எங்கே போகும் என்பது அவற்றின் பார்வைக்கு எட்டவில்லை.

நீரைப் பற்றிய சட்டம் வேறாக வந்தது. 1922இல் களனி பெருக்கெடுத்தது. 1924இன் 4ஆம் இலக்க வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதன்பின் நிறைவேறியது. ஒரு பகுதியை வெள்ளப் பிரதேசமெனப் பிரகடனம் செய்யவும், அதற்குப் பாதுகாப்புத் திட்டம் வகுக்கவும், நீரோட்டத்துக்குத் தடையாவனவற்றை அகற்றவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. இதன் பொறுப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் சென்றது. களனியின் இரு கரைகளிலும் மண் அணைகள் எழுந்தன. வீட்டுக்கு அனுமதி வழங்குவது உள்ளூராட்சி மன்றம், வெள்ளத்தைக் காப்பது திணைக்களம் என்ற பிரிவினை இங்கேதான் தொடங்கியது. ஒரே மழை பெய்ய, இரு மேசைகளில் இரு கோப்புகள் திறக்கப்படலாயின.

அணை ஒரு விசித்திரமான பொருள். அது நீரை அழிப்பதில்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. அணைக்கு உட்புறம் பாதுகாக்கப்பட்ட நகரமாயிற்று. அணைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் பாதுகாப்பற்றதாயிற்று. பாதுகாப்பற்ற நிலம் மலிவானது. மலிவான நிலத்துக்கு வறியவர்கள் வந்தார்கள். துறைமுகத்திலும் சந்தையிலும் உழைத்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே பக்கம் பக்கமாகப் பலகை வீடுகளை அமைத்தார்கள். 1947 ஆகஸ்டில் நாகலகம் வீதி அளவுகோல் பன்னிரண்டு அடியைத் தாண்டியது. அவ்வெள்ளத்தைக் கண்ட முதியவர்கள் பின்னாளில் எந்த வெள்ளத்தையும் அதனோடே ஒப்பிட்டுப் பேசினர்.

அடுத்த திருப்பம் 1968இல் வந்தது. அவ்வாண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென ஒரு சபையை நிறுவியது. 'மீட்பு' என்ற சொல்லை வாசகர்கள் சிறிது நிதானித்து நோக்கவேண்டும். யாரிடமிருந்து மீட்பது? நீரிடமிருந்து. சதுப்பு என்பது நீர் தங்கும் இடமென்ற பழைய அறிவு மறைந்து, அது மனிதன் இன்னும் கைப்பற்றாத காணி என்ற எண்ணம் சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. தலைநகரை நோக்கி மக்களும் பணமும் பெருகின. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. 1982 ஏப்ரலில், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த புதிய பாராளுமன்றம் தியவன்னாவின் நடுவே திறந்துவைக்கப்பட்டது. அங்கு சதுப்பைத் தோண்டி ஏரியாக்கினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நீருக்கு ஓர் இடம் விடப்பட்டது. ஆனால் அதைச் சுற்றி எழுந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மண் லொறிகளே வந்தன.

1986 மார்ச்சில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. காணியின் ஆகக்குறைந்த அளவு, வீதியிலிருந்து விடவேண்டிய தூரம், பின்புற வெளி ஆகியவற்றை அவை விரிவாக வகுத்தன. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயல் நிரப்புவதைத் தடுத்தது. 1968இல் நிலத்தை மீட்கப் பிறந்த நிறுவனத்துக்கே, 2006ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தாழ்நிலங்கள் அனுமதியின்றி நிரப்பப்படாது காக்கும் பொறுப்பையும் வழங்கியது. ஆகவே விதிகள் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. உள்ளூராட்சி மன்றம், நீர்ப்பாசனம், நகர அபிவிருத்தி, காணி மீட்பு, கமநலம் என ஐந்து வாசல்கள் இருந்தன. ஒரு காணி உயர்ந்தால் அங்கிருந்த நீர் எந்தக் காணிக்குப் போகும் என்ற கேள்வியை முதன்மையாகக் கேட்பது தன் கடமையென்று அவ்வாசல்களில் எதுவும் கருதவில்லை.

இனி என் கதையைச் சொல்லவேண்டும்.

1996இல் கொலன்னாவைப் பக்கத்தில் எட்டுப் பேர்ச் காணி ஒன்றை வாங்கினேன். கையிலிருந்த பணத்துக்கு நகருக்கு அருகில் வேறிடம் கிடைக்கவில்லை. காணி தாழ்வானது. தரகர், "மூன்றடி நிரப்பினாற் போதும்" என்றார். நிரப்பினேன். வரைபடம் அங்கீகரிக்கப்பட்டது, இணக்கச் சான்றிதழும் கிடைத்தது. நான் எந்த விதியையும் மீறவில்லை. சதுப்பு நிலங்கள் அழிக்கப்படுவதைக் கண்டித்து அதற்கு முன்னரே இரண்டு கட்டுரைகள் எழுதியிருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

என் மதிலுக்கு அப்பால் ஒரு பழைய வீடு. அதில் ஓர் ஆச்சி தனித்திருந்தார். அவருடைய கணவர் துறைமுகத் தொழிலாளி. 1947 வெள்ளத்தைக் கண்டவர். ஐம்பதுகளில் வீடு கட்டியபோது, அவ்வெள்ளத்தின் உயரத்துக்குத் தளம் எழுப்ப வசதியில்லாமையால், வாசலில் மூன்று படிகள் வைத்து இயன்ற அளவு உயர்த்தியிருந்தார். சமையலறை அடுப்பு இடுப்பளவு மேடையில் இருந்தது. நெல்லும் அரிசியும் வைக்கப் பரண் இருந்தது. வீட்டைச் சுற்றி வெறும் நிலம் விடப்பட்டிருந்தது. எந்த வர்த்தமானியிலும் வராத கட்டட விதிகள் அவை. 1989இல் அளவுகோல் ஒன்பது அடியைத் தாண்டியபோது, நீர் இரண்டாம் படியோடு நின்றுவிட்டதென ஆச்சி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

2016 மே மாதத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. நாகலகம் வீதியில் நீர் ஏழு அடியைத் தாண்டியது. 1989இன் ஒன்பது அடியை எட்டவில்லை. ஆற்றின் கணக்குப்படி அது குறைந்த வெள்ளம். ஆனால் ஆச்சியின் வீட்டினுள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. என் வீட்டு வாசலில் நீர் நின்றது, உள்ளே வரவில்லை. ஆச்சியை அழைத்துவந்து எங்கள் விறாந்தையை அடுத்த அறையில் தங்கவைத்தோம். நான்கு இரவுகள் இருந்தார். மூன்றாம் நாள் தேநீர் குடித்துக்கொண்டே, குறையாக அல்லாமல் வெறும் செய்தியாகச் சொன்னார்:

"தம்பி, நீங்க மண் கொட்டினபோதே எனக்குத் தெரியும். தண்ணிக்கு இனி என்ர வீட்டை விட்டா வேற இடமில்லையெண்டு. எல்லாரும் கொட்டினவைதானே, உங்களை மட்டும் என்னெண்டு சொல்லுறது?"

அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். எட்டுப் பேர்ச் என்பது ஏறத்தாழ இருநூறு சதுர மீற்றர். மூன்றடி மண் நிரப்பினால், ஒரு இலட்சத்து எண்பதாயிரம் லீற்றருக்குக் குறையாத நீர் தங்கக்கூடிய இடம் இல்லாமற் போகிறது. பத்தாயிரம் லீற்றர் பவுசர்களில் ஏற்றினால் பதினெட்டு பவுசர்கள். அவ்வளவு நீரை நான் ஒருவனே என் அயலவர்மீது திருப்பிவிட்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் அவ்வாறு நிரப்பிய வீடுகள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் அனுமதி உண்டு. ஒவ்வொன்றும் சட்டப்படி சரியானது. பதினொரு சரிகள் சேர்ந்து ஆச்சியின் வீட்டில் ஒரு பிழையாக முடிந்தன.

தாழ்நிலத்தில் வீடே கட்டலாகாது என்று நான் வாதிட வரவில்லை. போக்கிடமற்றவனிடம் அவ்வாறு சொல்வது அநியாயம். எவ்வாறு கட்டுவது என்பதே வினா. மண் நிரப்பாது கொங்கிறீற் தூண்களின்மீது தளத்தை உயர்த்தினால் வீடும் காப்பாற்றப்படும், நீருக்கும் கீழே இடமிருக்கும். மின்சாரப் பலகையையும் செருகிகளையும் பழைய வெள்ளக் குறிக்கு மேலே அமைக்கலாம். முற்றத்தைச் சீமெந்தால் மூடாது விடலாம். தூண்களின்மீது கட்டச் செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் நிரப்புபவன் மிச்சப்படுத்தும் பணத்தை அவனுடைய அயலவர் வெள்ளத்தின்போது செலுத்துகிறார் என்பதும் உண்மையே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அனர்த்தங்களைத் தாங்கும் வீடுகளுக்கான கைநூலை வெளியிட்டிருக்கிறது. அறிவு இல்லாமலில்லை. அது வரைபடம் அங்கீகரிக்கும் மேசைக்கு வந்து சேரவேண்டும்.

விதி தவறும்போது இயற்கை பேதம் பார்ப்பதில்லை. 1992 ஜூனில் ஒரே நாளில் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்தையே நீர் சூழ்ந்து, உறுப்பினர்களை இராணுவ வாகனங்களில் ஏற்றிச்செல்ல நேர்ந்தது. சட்டம் இயற்றுவோரும் அன்று வெள்ளத்தினூடாகவே சபைக்குச் சென்றனர். 2017 ஏப்ரலில், கொலன்னாவைத் தாழ்நிலத்தில் மலையாக உயர்ந்திருந்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு, எஞ்சியிருந்த சதுப்பு நிலங்களுக்காகக் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமென அங்கீகாரம் பெற்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மீண்டும் நீரில் நின்றன.

அந்நாட்களில் ஆச்சி உயிருடன் இல்லை. 2019இல் காலமானார். அவருடைய பிள்ளைகள் காணியை விற்றுவிட்டனர். வாங்கியவர் பழைய வீட்டை இடித்து, நான்கரை அடி நிரப்பி, மாடிவீடு எழுப்பியிருக்கிறார். வரைபடம் அங்கீகரிக்கப்பட்டது; இணக்கச் சான்றிதழும் உண்டு. டித்வாவின்போது என் வீட்டினுள் முதன்முறையாக நீர் புகுந்தது. கணுக்கால் அளவுதான். புத்தகங்களை மேலே தூக்கி வைத்துவிட்டு, மதிலுக்கு அப்பால் உலர்ந்து நின்ற அந்தப் புதிய வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் செய்தது நான் செய்ததுதான். எனக்கிருந்த அதே விதிகள் அவருக்கும் இருந்தன. ஆச்சி என்னிடம் சொன்னதைத் தவிர நான் அவரிடம் சொல்ல வேறெதுவும் இருக்கவில்லை.