மடிநோயை எதிர்க்கும் பசுக்கள்: பரம்பரையலகு மாற்றத்தால் முடிந்ததும் முடியாததும்

வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு ஒன்றிரண்டு கறவை மாடுகளே அன்றாட வருமானம். போரில் பட்டியோடு மாடுகளை இழந்தவர்கள், வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு மாட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளும் இவற்றில் உண்டு. அந்த மாட்டுக்கு மடிநோய் வந்தால் வீட்டின் வரவு நின்றுவிடும். ஆகவேதான் இந்த நோயைப் பற்றிய ஆய்வுகளை நான் கவனித்து வருகிறேன்.

மடி நான்கு தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. காம்பின் துவாரம் வழியாகப் பற்றீரியா உள்ளே போனால் மடி வீங்கும், சூடேறும், பால் திரிந்து வரும். சிலவேளை வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமல் பாலின் அளவு மட்டும் குறையும். இதை உண்டாக்கும் கிருமிகளில் பிடிவாதமானது ஸ்டாபிலோகொக்கஸ் ஒரியஸ். இது மடியின் கலங்களுக்குள்ளும் சீழ்க்கட்டிகளுக்குள்ளும் ஒளிந்துகொள்வதால் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் அதனிடம் போய்ச் சேர்வது கடினம். அதனால் நோய் மாறியதுபோலத் தோன்றி மீண்டும் வரும்.

மருந்தை வெளியிலிருந்து ஏற்றாமல் மடியே அதைச் சுரந்தால் என்ன? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் பெல்ற்ஸ்வில்லில் உள்ள விவசாயத் திணைக்கள ஆய்வு நிலையத்தில் ரொபேர்ட் வோல், வேர்மொன்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் கெர் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டாபிலோகொக்கஸ் சிமுலன்ஸ் என்ற இன்னொரு பற்றீரியா, லைசோஸ்டாபின் என்னும் நொதியத்தைச் சுரக்கிறது. அது ஒரியஸ் கிருமியின் கலச்சுவரை அறுத்து அதைக் கொல்கிறது. இந்த நொதியத்துக்குரிய பரம்பரையலகை, செம்மறியின் பாற்புரதம் ஒன்றை இயக்கும் பகுதியோடு இணைத்தார்கள். அதனால் நொதியம் பால்மடியில் சுரந்தது. முதலில் எலிகளில் சோதித்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்து, மாற்றிய கலங்களிலிருந்து குளோனிங் முறையில் ஜேர்சிப் பசுக்களை உருவாக்கினார்கள். முதற் கன்றான ஆனி 2000 மார்ச்சில் பிறந்தது.

பசுக்களின் முடிவுகள் 2005இல் வெளியாகின. மாற்றம் செய்த 3 பசுக்களுக்கும் சாதாரண 10 பசுக்களுக்கும் காம்பு வழியாகக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சாதாரணப் பசுக்களில் 71 சதவீதமான மடிப்பகுதிகளில் தொற்று ஏற்பட்டது. மாற்றம் செய்தவற்றில் அது 14 சதவீதம் மட்டுமே. சாதாரணப் பசுக்கள் எல்லாவற்றிலும் காய்ச்சல் போன்ற நோய்க்குறிகள் தெரிந்தன. மாற்றம் செய்தவற்றில் ஒன்றிலும் தெரியவில்லை. ஒரு மில்லிலீற்றர் பாலில் 3 மைக்ரோகிராம் லைசோஸ்டாபின் இருந்தாலே பாதுகாப்புக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பின்னர் 2013இல் சீனாவின் வடமேற்கு வேளாண் வனவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதே பரம்பரையலகைப் பசுவின் மரபுப்பொருளில் குறித்த ஓரிடத்தில் பொருத்திக் காட்டினார்கள்.

ஆனால் இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். லைசோஸ்டாபின் ஸ்டாபிலோகொக்கஸ் இனத்தையே தாக்கும். ஈ.கோலை, ஸ்ரெப்டோகொக்கஸ் போன்றவையும் மடிநோயைத் தருகின்றன. அவற்றுக்கு இது பயன்படாது. குளோனிங்கில் பெரும்பாலான முளையங்கள் கன்றாகப் பிறப்பதில்லை. பிறப்பவற்றிலும் சில தப்புவதில்லை. நொதியம் கலந்த பாலை மனிதர் குடிப்பது பற்றியும், தயிர், பாற்கட்டி தயாரிப்பில் அதன் விளைவு பற்றியும் கேள்விகள் எழும். வெற்றிகரமான ஆய்வு ஒன்று பண்ணைக்கு வந்து சேர்வதற்கு இவை எல்லாவற்றுக்கும் விடை தேவை.

என் பார்வையில், அதுவரை எம்மவர் கையில் இருப்பது பழைய வழிகள்தான். அவை குறைவானவை அல்ல. கையையும் காம்பையும் கழுவித் துடைத்துக் கறக்க வேண்டும். முதற் பீச்சலைக் கறுப்புத் துணியிலோ கிண்ணத்திலோ பிடித்துத் திரிவு உண்டா என்று பார்க்கலாம். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்தபின் காம்புத் துவாரம் மூடச் சிறிது நேரமெடுக்கும் என்பதால், அரை மணி நேரமாவது மாடு படுக்காமல் நிற்கும்படி தீனி போடுவது நல்லது. கால்நடை வைத்தியர் தந்த மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. மருந்து ஏற்றிய நாட்களிலும், அவர் சொல்லும் காலம் முடியும் வரையும் பாலை விற்கவோ குடிக்கவோ வேண்டாம். காம்பு ஒன்று அடைபட்டுப் போகுமுன் வைத்தியரிடம் காட்டினால், மாட்டையும் அந்த வீட்டின் வரவையும் காப்பாற்றலாம்.