பேயச்சமும் பாவ விடுதலையும்: நெல்லைச் சீமை முதல் சீத்தா கேம்ப் வரை

பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் புறப்படும் மக்கள், மொழியையும் உணவு வழக்கத்தையும் குலதெய்வத்தையும் உடன் கொண்டு செல்கின்றனர். அவற்றோடு அவர்தம் அச்சங்களும் செல்கின்றன. நெல்லையின் தேரிக்காட்டில் நள்ளிரவில் நடக்க அஞ்சிய மனம், மின்விளக்கு எரியும் மும்பையின் சந்துகளுக்கு வந்த பின்னும் அவ்வச்சத்தை முற்றும் விடுவதில்லை. டிராம்பேப் பகுதியில் சீத்தா கேம்ப்பிலும், தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்குக் காரணம் விளங்காத நோய் வருமானால், "பேய்க்கோளாறாக இருக்குமோ?" என்ற கேள்வி இன்றும் எழுகிறது. இந்து, இசுலாமியர், கிறித்தவர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை.

இக்கேள்விக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் நெடுங்காலமாக விடை தேடி வந்துள்ளனர். அவ்விடை ஒரே இடத்தில் நிற்கவில்லை. புறத்தே நிற்கும் பேயிலிருந்து அகத்தே நிற்கும் பாவத்தை நோக்கி அது நகர்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

சொல்லும் பொருளும்

'பேய்' என்னும் சொல் தமிழில் என்றும் தீமையை மட்டுமே குறித்ததில்லை. சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் பேய்மகளிர் ஆடுகின்றனர். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டார். திருமால் அடியார் பன்னிருவருள் ஒருவர் பேயாழ்வார். இறையன்பில் தன்னை மறந்த நிலையையும் இச்சொல் தாங்கியது.

கிறித்தவ மறைநூலைத் தமிழில் பெயர்த்தோர்க்குச் சொற்றேர்வு எளிதாக இருந்திருக்க முடியாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சேற்றினார். பின்வந்த சீர்திருத்தச் சபையாரின் மொழிபெயர்ப்புகளில் 'பிசாசு' என்ற வடசொல்லும் 'அசுத்த ஆவி' என்ற தொடரும் நிலைபெற்றன. எபிரேய மொழியின் 'சாத்தான்' அப்படியே ஏற்கப்பட்டது. சீத்தலைச் சாத்தனார் என்ற புலவர் பெயரால் நாம் அறிந்த 'சாத்தன்' என்னும் பழந்தமிழ்ப் பெயரோடு அது ஒலியில் நெருங்கியிருப்பது தற்செயலே. 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்போ, 'பேய்' என்ற நாட்டுச் சொல்லையும் 'அலகை' என்ற இலக்கியச் சொல்லையும் எடுத்துக்கொண்டது. அலகை என்பது வள்ளுவர் 850-ஆம் குறளில் ஆண்ட சொல். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று மறுக்கும் புல்லறிவாளனையே அவர் அவ்வாறு அழைத்தார். பேய்த்தன்மை மனிதனுக்குள்ளும் இருக்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மறைநூல் காட்டும் இரு நிலைகள்

கிறித்தவ மறைநூலில் இப்பொருள் பற்றி இரு குரல்கள் கேட்கின்றன. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில், சிலை என்பது ஒரு பொருளே அன்று என்கிறார் பவுல். அதே திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்தில், சிலைகளுக்குப் படைப்பவை பேய்களுக்கே படைக்கப்படுகின்றன என்கிறார். முதற்குரலைப் பற்றியோர் அச்சமின்மையைப் போதித்தனர். இரண்டாங்குரலைப் பற்றியோர் பிறர் வணங்கும் தெய்வங்களைப் பேய்கள் என்றனர். பின்னாளில் தமிழகத்தில் எழுந்த பிணக்குகள் பலவற்றின் வித்து இங்கே உள்ளது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் சொல்லும் நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. கல்லறைகளிடையே வாழ்ந்து, தன்னைத்தானே கற்களால் காயப்படுத்திக்கொண்ட ஒருவனை ஊரார் சங்கிலிகளால் பிணைத்தனர். அவன் அவற்றை முறித்தெறிந்தான். இயேசு அவனைப் பிணைக்கவில்லை. அவனை நோக்கிப் பேசினார், பெயரைக் கேட்டார். முடிவில் அவன் ஆடை உடுத்துத் தெளிந்த அறிவோடு அமர்ந்திருக்கக் காண்கிறோம். அவன் அவரோடு செல்ல விரும்பியும், அவர் அவனைத் தன் வீட்டாரிடம் திரும்பிச் செல்லுமாறு பணித்தார். விடுதலையின் அடையாளம் என்ன என்பதை இக்கதை வரையறுத்துவிட்டது: தெளிந்த அறிவு, மானம் காக்கும் ஆடை, மீண்டும் கிடைத்த வீடு.

அகுஸ்தீனார் (354–430) இதனை மேலும் அகத்தே கொண்டு சென்றார். தம்மைப் பிணித்த விலங்கு பிறர் பூட்டியதன்று, தம் விருப்பமே இரும்பாகி வளர்ந்தது என்று அவர் எழுதினார். தவறிய விருப்பம் பழக்கமாகிறது. பழக்கத்தைத் தடுக்காவிடில் அதுவே கட்டாயமாகிறது. பாவம் பற்றிய கிறித்தவச் சிந்தனையின் நடுநாடி இதுவே எனலாம்.

நெல்லைச் சீமையில்

இக்கருத்துகள் தமிழ் மண்ணில் பெரிதும் சோதிக்கப்பட்ட இடம் திருநெல்வேலி. 1799-இல் முதலூர் என்னும் கிறித்தவச் சிற்றூர் அங்கே தோன்றியது. பனைத்தொழில் செய்த மக்கள் பல்லாயிரவர் அடுத்த நூற்றாண்டில் திருமறை தழுவினர். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை எடுத்து, இரத்தப்பலி இட்டு, அவற்றின் சினத்துக்கு அஞ்சி வாழ்ந்தோர்க்கு, 'இனி அஞ்ச வேண்டா' என்ற சொல்லே நற்செய்தியாக ஒலித்தது. மருந்து, பள்ளி, எழுத்தறிவு ஆகியவும் உடன் வந்தன. அச்சம் நீங்கியதற்கு அவையும் காரணம் என்பதை மறத்தல் ஆகாது.

இதே காலத்தில், இதற்குத் தெற்கே, சாமிதோப்பில் வைகுண்டசாமி (1809–1851) தம் மக்களிடம் பேய்களுக்குப் பலியிடுவதை நிறுத்துமாறு கூறினார். ஆகவே பேயச்சத்திலிருந்து விடுபடும் வேட்கை கிறித்தவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் பொது வேட்கை அது.

1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் (1814–1891) இவ்வழிபாட்டை உற்று நோக்கி எழுதினார். பம்பாயில் 1886-இல் தோன்றிய மானிடவியல் கழகத்தின் இதழிலும் தென்னிந்தியப் பேய் வழிபாடு குறித்த அவர் கட்டுரை இடம்பெற்றது. நெல்லையின் பேய்கள் அம்மண்ணின் தொழிலாளர் பலர் பம்பாய்க்கு வருமுன்னரே அங்கே அச்சேறிவிட்டன! கொலையுண்டோரும் அகால மரணம் அடைந்தோருமே பெரும்பாலும் பேய்களாகக் கருதப்பட்டனர் என்பதை அவர் கண்டார். 1809-இல் திருவிதாங்கூர்ப் போரில் மாண்ட ஆங்கிலேயப் படைத்தலைவன் ஒருவனுக்கும் மக்கள் மதுவும் சுருட்டும் படைத்தனர் என்பது அக்காலத்தார் குறித்துவைத்த செய்தி.

ஆயின் கால்டுவெல்லின் பார்வையில் ஒரு குறை இருந்தது. 1849-இல் அவர் வெளியிட்ட நூல் நாடார் மக்களை இழிவுபடுத்துவதாக அமைந்தது. அதனைக் கண்டித்து எழுந்தவர்களுள் ஒருவர் அச்சபையிலேயே பணியாற்றிப் பிரிந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை. அவர் 1857-இல் இந்து கிறித்தவ சபையை நிறுவினார். கிறித்துவை ஏற்பதற்குத் தம் முன்னோரை இகழ வேண்டுவதில்லை என்பது அவர் நிலை. பேய் என்று ஒன்றைப் பெயரிடும் நா, அதை வணங்கும் மனிதனையும் தாழ்த்திவிடக் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பிற்காலத்தில் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) போன்றோர் நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. சக்கிலியப் பெண்களை மணந்து கொலையுண்ட முத்துப்பட்டனைப் போல, இத்தெய்வங்களுள் பலர் அநீதிக்கு இரையானவர்கள். மக்கள் அவர்களை மறக்க மறுத்தனர். பேய் என்று ஒருவர் கண்ட இடத்தில், தீராத வழக்கு ஒன்று நீதி கேட்டு நின்றது. பாவம் யாருடையது? கொன்றவனுடையது, இறந்தவனுடையதன்று.

கவிஞர் காட்டிய வழி

இம்மண்ணிலேயே பிறந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) வைணவ மரபில் வளர்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட நூலைத் தழுவி, கம்பன் நெறியில் அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாயிற்று. 'மோட்சப் பிரயாணம்' என்ற உரைநடை வடிவில் பன்யன் கதை பல கிறித்தவ வீடுகளில் படிக்கப்பட்டும் வந்தது.

அக்கதையின் அமைப்பு நோக்கத்தக்கது. பயணியை முதலில் வருத்துவது பேயன்று; தன் முதுகில் தானே சுமக்கும் பாவச்சுமை. சிலுவையின் முன்னர் அச்சுமை கழன்று விழுகிறது. அதன் பின்னரே பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் தீய ஆவி எதிர்ப்படுகிறது. பயணி போரிட்டு வெல்கிறான். சுமை நீங்கியவன் எதிரியை எதிர்கொள்ள வல்லவனாகிறான். ஆயினும் விடுதலை பெற்றபின் போராட்டம் இல்லை என்று இக்கதை ஆசை காட்டவில்லை.

சீத்தா கேம்ப்பில்

இனி மும்பைக்கு வருவோம். மான்குர்து அருகே ஜனதா காலனியில் வாழ்ந்த மக்கள், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அண்மையில் இருந்தனர் என்பதால், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் அகற்றப்பட்டனர். ஏறத்தாழ 70,000 பேர் என்று கணக்கிடப்படும் அம்மக்களுக்குக் கிடைத்தது சதுப்பு நிலம். அதுவே சீத்தா கேம்ப் ஆயிற்று. அவர்கள் உரிமைக்காக முன்னின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் (1947–2018). குடியிருப்பை இடித்தது பேயன்று, மனிதர் இயற்றிய ஆணை. அதை எதிர்கொள்ளத் துணை நின்றது மந்திரமன்று, மக்களின் ஒற்றுமை.

நெருக்கமான குடியிருப்பில் துன்பம் பலவகை. பிரசவத்துக்குப் பின் பேச்சற்றுப்போகும் இளந்தாய், வலிப்பு வரும் சிறுவன், கடனால் உறக்கம் இழந்த தந்தை ஆகியோரை 'ஆவி பிடித்தவர்' என்று கூறிவிடுவது எளிது. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எழுந்த எழுப்புதலின் வழி உலகெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே இயக்கம், விடுதலைக்கான செபத்தைத் தன் வழிபாட்டின் நடுவே வைத்தது. கைவிடப்பட்டதாக எண்ணிய பலர்க்கு அங்கே ஆறுதல் கிடைத்தது. தனித்திருப்பவனைச் சூழ்ந்து நின்று பத்துப்பேர் செபிப்பது சிறிய செயலன்று.

ஆயினும் திருச்சபையின் மரபே இங்கு எச்சரிக்கை தருகிறது. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல், ஒருவரைப் பேய் பிடித்தது என்று எளிதில் நம்பிவிடக் கூடாது என்றது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றிப் பேயோட்டும் சடங்கைச் செய்யக் கூடாது என்கிறது. 1999-இல் திருத்தப்பட்ட சடங்குமுறையும் நோயைப் பேய் எனக் கொள்ளாதிருக்கப் பணிக்கிறது. மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவன்று.

இதனைப் புறக்கணித்ததன் விலையைத் தமிழகம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். இது ஒரு சமயத்தார் மேல் சுமத்தும் பழியன்று. நோயாளிகளை அங்கே கொண்டு விட்ட குடும்பங்கள் பல சமயத்தவை. கல்லறைகளிடையே வாழ்ந்தவனை ஊரார் பிணைத்த அதே சங்கிலி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அறுபடவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது.

பொறுப்பும் திரும்புதலும்

குடியைப் பற்றியும் ஒரு சொல். 2015-இல் மும்பை மால்வணியில் நச்சுச் சாராயத்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடிகாரத் தந்தையைப் பற்றிப் பேசும்போது, "அவரைக் குடிப்பேய் பிடித்திருக்கிறது" என்று வீட்டார் சொல்வதுண்டு. பேய் என்றால் அவர் மேல் பொறுப்பு இல்லை. பாவம் என்றால் பொறுப்பு உண்டு; பொறுப்பு இருக்குமிடத்தில் திரும்பும் வழியும் உண்டு. கிறித்தவம் 'மனந்திரும்புதல்' என்று சொல்வது இதனையே. குடிநோய்க்கு மருத்துவமும் வேண்டும் என்பதை இது மறுப்பதன்று. 1935-இல் அமெரிக்காவில் தோன்றி, 1957 முதல் மும்பையிலும் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிமீள்வோர் குழு, தன் இயலாமையை ஒப்புக்கொள்ளுதல், தான் தீங்கிழைத்தோர்க்கு ஈடு செய்தல் ஆகியவற்றைப் படிகளாக வைத்துள்ளது. வரிதண்டுவோனாகிய சக்கேயு, தான் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தபோது, மீட்பு அவன் வீட்டுக்கு வந்ததாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. அங்கே எந்தப் பேயும் ஓட்டப்படவில்லை. திருடிய பணம் திரும்பியது.

ஆக, நெல்லை முதல் மும்பை வரை நீண்ட இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. அஞ்சியவனுக்கு அச்சம் நீக்குதல் அறம். பிறன் வணங்குவதைப் பேயென்று இகழ்தல் அறமன்று. தன் குற்றத்தைப் பேயின் மேல் ஏற்றாது ஒப்புக்கொண்டு, தீங்குற்றவர்க்கு ஈடு செய்தலே பாவத்திலிருந்து விடுதலை. இராயினும் பகலாயினும், நம் சந்தில் ஒருவர் நிலை தடுமாறுவாரெனின், அவரைப் பெயர் சொல்லி அழைத்து, மருத்துவமனைக்கு உடன் சென்று, மீண்டும் அவர் வீட்டிலேயே அமரச் செய்வோமாக. செபிக்கத் தெரிந்தோர் செபிப்பாராக. ஒருவர் கையிலும் சங்கிலி வேண்டா.